டெக்சஸில் மளிகைக்கடை: சென்சஸ் கணக்கை நம்பி நான் இழந்தது

2024 ஜனவரி 28, ஞாயிற்றுக்கிழமை இரவு எட்டு மணிக்கு விளக்குகளை அணைத்துவிட்டுக் கடையைப் பூட்டினேன். 22 மாதங்கள் நடத்திய கடை. டல்லாஸுக்கு வடக்கே, 380-ஆம் எண் நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு வணிக வளாகத்தில், பல் மருத்துவருக்கும் நகப்பூச்சுக் கடைக்கும் நடுவில் இருந்தது. மொத்த நட்டம் 1,48,000 டாலர். ஏறத்தாழ ஒன்றேகால் கோடி ரூபாய். இதை இப்போது எழுதக் காரணம், கடையை மூடிய பிறகு மூன்று பேர் என்னைத் தொலைபேசியில் அழைத்து, "அக்கா, செலினா பக்கம் நம் ஆட்கள் நிறைய வந்துவிட்டார்களாமே, ஒரு கடை போடலாமா?" என்று கேட்டதுதான். நான் தொடங்கியபோது இப்படிக் கேட்க எனக்கு ஒருவரும் இல்லை. தெரிந்த மட்டும் விவரமாகச் சொல்லிவிடுகிறேன்.

நான் பரமத்தி வேலூர்க்காரி. அப்பா அங்கே கடைவீதியில் முப்பத்தைந்து ஆண்டுகள் மளிகைக்கடை வைத்திருந்தார். புளியைத் தொட்டுப் பார்த்தே எந்த ஆண்டுப் புளி என்று சொல்கிற வீடு. 2014-இல் கணவருக்கு எச்-1பி என்ற தற்காலிக வேலை விசா கிடைத்ததையொட்டி, அதைச் சார்ந்த குடும்ப விசாவான எச்-4-இல் டெக்சஸ் வந்தேன். கிரீன் கார்டு என்ற நிரந்தரக் குடியிருப்பு அனுமதிக்கான வரிசையில் ஒரு கட்டத்தைத் தாண்டியவர்களின் கணவனுக்கோ மனைவிக்கோ வேலை அனுமதி அட்டை கொடுக்கும் வழக்கம் 2015-இல் வந்தது. எனக்கு 2018-இல் கிடைத்தது. அந்த அட்டை இருந்தால் சொந்தத் தொழிலும் செய்யலாம். நான்கு ஆண்டுகள் வீட்டுக்குள்ளேயே இருந்தவளுக்கு அந்த அட்டை எப்படிப்பட்டது என்பதை, அதே நிலையில் இருந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தபாலில் வந்த அன்றே கடை ஆசையும் வந்துவிட்டது.

அந்த நாட்களில் எந்த வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் பேச்சு ஒன்றுதான்: ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். அது பொய்யும் இல்லை. 1990-இல் டெக்சஸில் வெளிநாட்டில் பிறந்தவர்கள் சுமார் 15 லட்சம் பேர், அதாவது நூற்றுக்கு ஒன்பது பேர். 2000-இல் அது சுமார் 29 லட்சம். இன்று 50 லட்சத்தைத் தாண்டிவிட்டது. ஆறு பேரில் ஒருவருக்கும் மேல். கலிபோர்னியாவுக்கு அடுத்த இடத்தில் முன்பு நியூயார்க் இருந்தது, இப்போது டெக்சஸ். வருகிறவர்களின் சேர்க்கையும் மாறியிருக்கிறது. 2000-இல் மூன்றில் இரண்டு பங்கு மெக்சிகோவில் பிறந்தவர்கள். இப்போது அது பாதியளவுக்கு இறங்கி, ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் பிறந்தவர்களின் பங்கு கூடியிருக்கிறது. மெக்சிகோவுக்கு அடுத்தபடி இந்தியாதான். எங்கள் பக்கத்தில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். 2000-இல் 33,714 பேர் இருந்த ஃபிரிஸ்கோ 2020-இல் 2,00,509. பிராஸ்பர் பத்தே ஆண்டுகளில் 9,423-இலிருந்து 30,174-க்குப் போனது. நாங்கள் குடிவந்தபோது புல்வெளியாக இருந்த இடத்தில் இரண்டே ஆண்டில் தெருக்கள் முளைத்து, வாசலுக்கு வாசல் மாவிலைத் தோரணம் தொங்கியது. அதைப் பார்த்த கண்ணுக்கு வேறெதுவும் தெரியவில்லை.

2021 கோடையில், மக்கள்தொகைக் கணக்கெடுக்கும் சென்சஸ் துறையின் இணையதளத்தில் உட்கார்ந்தேன். இலவசம், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். நான் தேர்ந்தெடுத்த இடத்தைச் சுற்றி ஐந்து மைலுக்குள் வரும் சிறு வட்டாரங்களை ஒவ்வொன்றாக எடுத்து, 'ஆசிய இந்தியர்' என்ற பத்தியிலுள்ள எண்களைக் கூட்டினேன். பல ஆயிரம் வந்தது. அதில் நூற்றுக்குப் பத்துப் பேர் வந்தாலே போதும், 400 குடும்பம் நிலையான வாடிக்கை என்று போட்டு ஒரு திட்டம் எழுதினேன். வண்ண வரைபடமெல்லாம் வைத்து. ஊருக்குப் பேசும்போது அப்பாவிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "அத்தனை தலை சரி கண்ணு, எத்தனை அடுப்பு எரியுது என்று பார்த்தாயா? அதில் எத்தனை வீட்டில் வாரம் ரெண்டு தடவை மாவாட்டுகிறார்கள்?" எல்லாம் கம்ப்யூட்டரில் இருக்கிறது அப்பா என்றேன். அவர் மேலே ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் கேள்வியை அன்றைக்கே மதித்திருந்தால் இந்தப் பணம் என்னிடம் இருந்திருக்கும்.

எங்கே தவறினேன் என்பதை வரிசையாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதே பத்தியைத்தான் எல்லோரும் எடுப்பார்கள். முதலாவது, 'ஆசிய இந்தியர்' என்பது இனம் பற்றிய கேள்விக்கான பதில். இங்கேயே பிறந்த குழந்தைகளும் அதில் அடக்கம். என் பல ஆயிரத்தில் கணிசமான பகுதி ஒன்றாம் வகுப்பும் எட்டாம் வகுப்பும் படிக்கிற பிள்ளைகள். நான்கு பேர் உள்ள வீடு பட்டியலில் நான்கு. என் கல்லாவில் அது ஒரு கூடை. பிறந்த நாடு வேண்டுமென்றால் வேறு அட்டவணைக்குப் போக வேண்டும், குடும்பக் கணக்கு வேண்டுமென்றால் இன்னொன்றுக்கு. பத்து ஆண்டுக்கு ஒருமுறை எடுக்கும் கணக்கெடுப்பில் பிறந்த நாட்டை 2000-க்குப் பிறகு கேட்பதே இல்லை. அது 'அமெரிக்கன் கம்யூனிட்டி சர்வே' என்ற, ஆண்டுதோறும் சுமார் 35 லட்சம் முகவரிகளுக்கு அனுப்பும் மாதிரி ஆய்விலிருந்து வருகிறது. இரண்டாவது, நான் கூட்டிய எண்களும் அந்த மாதிரி ஆய்விலிருந்து வந்தவை என்பதால் ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் கூட்டல் கழித்தல் அடையாளத்தோடு பிழை வரம்பு ஒன்று இருக்கும். அந்தப் பத்தியை நான் மறைத்துவிட்டுத்தான் கூட்டினேன், பார்ப்பதற்கு இடைஞ்சலாக இருக்கிறதென்று. சிறு வட்டாரங்களில் பிழை வரம்பு சில இடங்களில் எண்ணுக்குக் கிட்டத்தட்டச் சமமாகவே இருந்தது. மூன்றாவது, 65,000 பேருக்குக் குறைவான ஊர்களுக்கு முழுமையான ஓராண்டுக் கணக்கு வெளிவராது, ஐந்தாண்டுச் சராசரிதான். நான் பார்த்தது 2015 முதல் 2019 வரையிலானது. வேகமாக மாறும் ஊரில் ஐந்தாண்டுச் சராசரி என்பது இப்போது இல்லாத ஓர் ஊரின் படம். அடுத்த ஐந்தாண்டுக் கணக்கு பெருந்தொற்றால் தாமதமாகி 2022 மார்ச்சில்தான் வந்தது. என் கடை திறந்ததும் அதே மாதம்தான்.

நான்காவது தவறுதான் பெரியது. இந்தியர் என்றால் என் வாடிக்கையாளர் என்று நினைத்துவிட்டேன். டல்லாஸ் பக்கம் இந்தியர்களில் தெலுங்கு பேசுகிறவர்கள் நம்மைவிட மிக அதிகம். குஜராத்திக்காரர்கள், மலையாளிகள், இந்தி பேசுகிறவர்கள் என்று மற்றவர்களும் இருக்கிறார்கள். அவர்களும் இட்லி தோசை சாப்பிடுகிறவர்கள்தானே என்பது என் எண்ணம். மாவு வாங்கவும் செய்தார்கள். ஆனால் மளிகைக்கடை மாவில் மட்டும் ஓடாது. அவர்கள் வீட்டு அரிசி சோனா மசூரி. நான் முதல் சரக்கில் இறக்கியது இட்லி அரிசி 40 மூட்டை, பொன்னி 30 மூட்டை. ஒரு நாள் குண்டூர்க்காரர், மகன் வீட்டுக்கு வந்திருந்த பெரியவர், ஆந்திரப் பருப்புப்பொடியான கந்திப்பொடி கேட்டார். நான் நம்மூர்ப் பருப்புப்பொடியை எடுத்துக் கொடுத்தேன். பாக்கெட்டை மூக்கருகே வைத்துப் பார்த்தார். கோபப்படவில்லை, சிரித்துக்கொண்டே இரண்டு கைகளாலும் பாக்கெட்டைத் திரும்ப வைத்துவிட்டு ஒரு தேங்காய் மட்டும் வாங்கிக்கொண்டு போனார். அந்தத் தேங்காய் 1.49 டாலர். அன்றைக்கு எனக்குப் புரிந்திருக்க வேண்டும். சரக்கு மாற்ற இன்னும் ஐந்து மாதம் எடுத்துக்கொண்டேன். சுண்டைக்காய் வற்றலும் மணத்தக்காளி வற்றலும் காலாவதியாகிக் குப்பைக்குப் போயின. 2023 ஆகஸ்டில் குளிர்சாதனம் இரண்டு நாள் நின்றபோது, விற்காமல் கிடந்த கருப்பட்டி எல்லாம் உருகி அட்டைப்பெட்டியோடு ஒட்டிப்போனது. கத்தியால் சுரண்டிக்கொண்டே அழுதேன்.

தமிழ் பேசுகிறவர்கள் எத்தனை பேர் என்று அறிய வழி இல்லையா என்று கேட்பீர்கள். மாநில அளவில் தமிழ் தனியாகவே வருகிறது. ஆனால் சிறு வட்டாரம் வரை இறங்கினால் சீனம், கொரியம், வியட்நாமியம் போன்ற சில மொழிகளுக்குத்தான் தனிப் பத்தி. தமிழும் தெலுங்கும் மலையாளமும் சேர்ந்து 'பிற ஆசிய, பசிபிக் தீவு மொழிகள்' என்ற ஒரே பெட்டிக்குள் போய்விடுகின்றன. நமக்கு வேண்டிய இடத்தில் நாம் கண்ணுக்குத் தெரிவதில்லை. இலங்கையிலோ மலேசியாவிலோ பிறந்த தமிழர் இந்தியாவில் பிறந்தவர் கணக்கிலும் வரமாட்டார்.

இதெல்லாம் எனக்கு உறைத்தது 2023 வசந்தத்தில். எங்கள் வீட்டு முகவரிக்கே அந்த ஆய்வின் கடிதம் வந்தது, பதில் அளிப்பது சட்டப்படி கட்டாயம் என்ற வாசகத்தோடு. இரவு பதினொரு மணிக்குக் கடைக்கணக்கை ஒதுக்கிவிட்டு நிரப்பினேன். எங்கே பிறந்தீர்கள், குடியுரிமை உண்டா, எந்த ஆண்டு இங்கு வாழ வந்தீர்கள், வீட்டில் ஆங்கிலம் தவிர என்ன மொழி, ஓராண்டுக்கு முன் எங்கே குடியிருந்தீர்கள். குடியுரிமை இல்லை என்று குறித்த பிறகு, அடுத்ததாக விசாவைப் பற்றிக் கேட்பார்கள் என்று எதிர்பார்த்தேன். கேட்கவில்லை. கிரீன் கார்டு உள்ளவர், எச்-1பி வேலைக்காரர், மாணவர், ஆவணம் இல்லாதவர் எல்லோரும் 'குடியுரிமை இல்லாதவர்' என்ற ஒரே வரிசையில்தான் நிற்கிறோம். இருபது ஆண்டு இங்கேயே இருந்து குடியுரிமை வாங்கியவர் அடுத்த ஆண்டும் அதே கடைக்கு வருவார். எச்-1பி விசாக்காரருக்கு வேலை போனால் 60 நாட்கள் அவகாசம். அதற்குள் வேறு வேலை கிடைக்க வேண்டும், அல்லது புறப்பட வேண்டும். இந்த வேற்றுமை அட்டவணையில் இல்லை. நெருங்கிப் பார்க்க ஒரு வழி இருக்கிறது: வெளிநாட்டில் பிறந்தவர்களில் எத்தனை பேர் குடியுரிமை பெற்றவர்கள், எத்தனை பேர் 2010-க்குப் பிறகு வந்தவர்கள் என்ற இரண்டு எண்களையும் சேர்த்துப் பாருங்கள். புதிதாக வந்தவர்கள் மிகுந்த இடம் என்றால் அந்தக் கூட்டம் வேலையைப் பொறுத்தது. வேலை அசைந்தால் ஊரே அசையும்.

அசையவும் செய்தது. 2022 நவம்பர் முதல் தொழில்நுட்ப நிறுவனங்களில் ஆட்குறைப்பு தொடங்கியது. பெருந்தொற்றின்போது வீட்டிலிருந்தே வேலை என்று கலிபோர்னியாவிலிருந்தும் நியூஜெர்சியிலிருந்தும் இங்கே வீடு வாங்கி வந்தவர்களில் சிலரை அலுவலகத்துக்குத் திரும்ப அழைத்தார்கள். என் நோட்டில் பெயர் எழுதிய வாடிக்கைக் குடும்பங்கள் அப்போது 140. அவற்றில் தமிழ்க் குடும்பம் 58. எட்டு மாதத்தில் அந்த 58-இல் 11 குடும்பம் ஊரைவிட்டுப் போனது. ஒரு தம்பி பிரிக்காத இருபது பவுண்டு இட்லி அரிசி மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தான். "அக்கா, அறுபது நாள் முடியப்போகிறது, கோயம்புத்தூர் போகிறோம். இதை யாருக்காவது கொடுத்துவிடுங்கள்" என்றான். பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன், வாங்கவில்லை. அவன் மகள் வழக்கமாக முறுக்குப் பாக்கெட்டுக்குக் கை நீட்டுவாள். அன்றைக்கு அப்பா காலைக் கட்டிக்கொண்டு நின்றாள். அந்த மூட்டையை நான் விற்கவும் இல்லை, வெகுநாள் கொடுக்கவும் இல்லை.

எங்கள் வீட்டு நிலைமையும் அதே கயிற்றில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. நாட்டுக்கு 7 விழுக்காடு என்ற உச்சவரம்பால் இந்தியர்களின் கிரீன் கார்டு வரிசை எப்போது நகரும் என்று யாராலும் சொல்ல முடியாது. கணவர் எச்-1பி என்பதால் என் கடையில் அவர் கை வைக்கக்கூடாது. சம்பளம் வாங்காமல் உதவினாலும் அது வேலைதான் என்று வழக்கறிஞர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வியாழக்கிழமை இரவு சரக்கு வண்டி வரும். நான் மூட்டைகளைத் தள்ளுவண்டியில் ஏற்றி உள்ளே இழுப்பேன். அவர் மகனோடு காரில், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பார். என்னைப் பார்க்க மாட்டார், ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருப்பார். வீட்டுக்கு வந்து என் கைக்கு எண்ணெய் தடவிவிடுவார். அந்த 22 மாதத்தில் எங்களுக்குள் நடந்த சண்டைகளுக்கு வேர் அதுதான் என்று இப்போது தெரிகிறது. 2022 இலையுதிர் காலத்தில் என் எச்-4 நீட்டிப்பு வரத் தாமதமாகி, அட்டை காலாவதியானது. ஏழு வாரம் நானும் என் கடையில் வேலை செய்ய முடியவில்லை. ஆள் வைத்து நடத்தியதில் 5,400 டாலர் போனது. ஆறு மாதத்துக்கு முன்பே விண்ணப்பிக்கலாம் என்பதை அறிந்தும், கடை வேலையில் நான் இரண்டு மாதம் இருக்கும்போதுதான் அனுப்பினேன். இந்த விசாவில் தொழில் தொடங்குகிறவர்கள் அட்டை முடியும் தேதியை வாடகை ஒப்பந்தத்தின் பக்கத்திலேயே எழுதி ஒட்டுங்கள். ஐந்தாண்டு ஒப்பந்தத்துக்குள் எத்தனை முறை புதுப்பிக்க வேண்டும் என்று எண்ணிப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

ஒப்பந்தத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1,800 சதுர அடி, மாதம் 4,500 டாலர் வாடகை, ஐந்து ஆண்டு. அதோடு 'டிரிபிள் நெட்' என்று சொத்து வரி, காப்பீடு, பராமரிப்பு மூன்றும் வாடகைக்காரர் தலையில். அது முதலில் மாதம் 1,500. டெக்சஸில் மாநில வருமான வரி கிடையாது. அந்தச் சுமையைச் சொத்து வரி தூக்குகிறது. ஆட்கள் வந்து குவியக் குவிய நிலத்தின் மதிப்பு ஏறும், வரி ஏறும், என் 1,500 இரண்டாம் ஆண்டில் 1,875 ஆனது. எந்த வளர்ச்சியை நம்பிக் கடை போட்டேனோ அதுவே என் செலவைக் கூட்டியது, வரவைக் கூட்டவில்லை. கம்பெனி பெயரில் பதிவு செய்திருக்கிறோமே, நட்டம் வந்தால் வீடு தப்பும் என்று நினைத்தேன். ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கங்களில் சொந்த ஜாமீன் கையெழுத்து ஒன்று வாங்கியிருந்தார்கள். அதைப் போட்டபின் கம்பெனி என்பது வெறும் பெயர்ப்பலகைதான். வழக்கறிஞரிடம் காட்ட 900 டாலர் ஆகும் என்று மிச்சம் பிடித்தேன். ஜாமீனை முதல் ஓராண்டுக்கு மட்டும் என்று குறைக்கவோ, கடையை இன்னொருவருக்கு மாற்றிக்கொடுக்கும் உரிமையைச் சேர்க்கவோ பேசிப் பார்த்திருக்கலாம். பேசலாம் என்பதே எனக்குத் தெரியாது.

2023 ஆகஸ்டில் நான்கு மைல் தள்ளிப் பெரிய இந்தியப் பல்பொருள் அங்காடி ஒன்று திறந்தது. நான் பார்த்த அதே சென்சஸ் அட்டவணை அவர்களுக்கும் இலவசம்தான்; அதைப் படிப்பதற்கென்றே சம்பளம் வாங்கும் ஆட்கள் அவர்களிடம் இருக்கிறார்கள். காய்கறியிலிருந்து டிபன் கடை வரை ஒரே கூரையில் இருந்தால் மக்கள் அங்கேதான் போவார்கள். நானே போவேன். அதற்குப் பிறகு ஐந்து மாதம் தாக்குப்பிடித்தது பிடிவாதம். அந்தப் பிடிவாதத்துக்கு மட்டும் சுமார் 15,000 டாலர் ஆனது.

மூடிய பிறகு ஒப்பந்தத்தில் இன்னும் ஏறத்தாழ மூன்று ஆண்டு இருந்தது. மொத்தமாகக் கேட்டால் இரண்டு லட்சம் டாலருக்கு மேல். அப்போதுதான் வழக்கறிஞரிடம் போனேன், எது முதலில் செய்ய வேண்டியதோ அதைக் கடைசியில். அவர் ஒரு விஷயம் சொன்னார்: டெக்சஸ் சொத்துச் சட்டத்தின் 91.006-ஆம் பிரிவின்படி, வாடகைக்காரர் விட்டுப் போனால் கட்டட உரிமையாளர் வேறு ஆள் தேடி நட்டத்தைக் குறைக்கக் கடமைப்பட்டவர். அந்தக் கடமை இல்லை என்று ஒப்பந்தத்தில் எழுதினாலும் செல்லாது. ஏழு மாதத்தில் வேறொருவர் அந்த இடத்துக்கு வந்தார். பேசி முடித்ததில் 38,000 டாலர்: 14,000 உடனே, மீதி 24,000 மாதம் 1,000 வீதம். கடையை அமைக்கப் போட்ட 71,000-இல் குளிர் அறையையும் அலமாரிகளையும் விற்று வந்தது 11,500 மட்டுமே. வீணான சரக்கு 9,000. மாதாமாதம் கைப்பணத்திலிருந்து போட்டது 22 மாதத்தில் 41,800. வாடகை பாக்கி வைக்காமல் கட்டிக்கொண்டிருக்கும்போதே போய்ப் பேசுங்கள்; நான் ஒரு மாதமும் தவறாமல் கட்டியிருந்ததால்தான் எதிர்த்தரப்பு என்னிடம் முகம் கொடுத்துப் பேசியது.

சரி, எப்படித்தான் எண்ணுவது? என்னைக் கேட்டவர்களுக்குச் சொன்னதைச் சொல்கிறேன். சென்சஸ் அட்டவணையை எந்தப் பக்கம் போவது என்று காட்டும் கைகாட்டியாக மட்டும் வையுங்கள். டெக்சஸ் டெமோகிராஃபிக் சென்டர் என்ற மாநில அமைப்பு வெளியிடும் மாவட்ட வாரியான மதிப்பீடுகளையும் பாருங்கள். பிறகு பள்ளிக்குப் போங்கள். டெக்சஸில் பிள்ளையைச் சேர்க்கும்போது வீட்டில் பேசும் மொழி என்ன என்று ஒரு படிவம் நிரப்ப வேண்டும். பள்ளி மாவட்டத்திடம் மாநிலத் தகவல் சட்டத்தின் கீழ் மொழிவாரி எண்ணிக்கையை எழுத்தில் கேட்கலாம். ஆனால் அந்த எண்ணையும் அப்படியே நம்ப வேண்டாம்: தமிழ் என்று எழுதினால் பிள்ளைக்கு ஆங்கிலத் தேர்வு வைப்பார்களே என்று பயந்து ஆங்கிலம் என்றே எழுதும் பெற்றோர் பலர். நானும் அப்படித்தான் எழுதினேன். அதனால் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப்பள்ளி வாசலில் நான்கு வாரம் நில்லுங்கள். எந்தப் பகுதியிலிருந்து வருகிறார்கள், அரிசி எங்கே வாங்குகிறார்கள், எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று கேளுங்கள். சனிக்கிழமை காலையில் ஏற்கெனவே இருக்கும் இந்தியக் கடை வாசலில் காரில் உட்கார்ந்து, வெளியே வரும் பைகளை எண்ணுங்கள். வேலையிலிருந்து வீடு திரும்பும் வழியில் கடை வலப்பக்கம் இருக்கிறதா என்று மாலை ஆறு மணிக்கு வண்டி ஓட்டிப் பாருங்கள். என் கடை இடப்பக்கம். திரும்புவதற்கு இரண்டு சிக்னல்.

மாநிலம் முழுவதற்குமான செய்தியைக் கேட்டு மயங்காதீர்கள். 2023 ஜூலை முதல் 2024 ஜூலை வரை டெக்சஸில் 5,62,941 பேர் கூடினார்கள், அதில் பாதிக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள். பெரிய எண்தான். ஆனால் அதில் வெனிசுவேலாவிலிருந்து அடைக்கலம் தேடி வந்தவரும் உண்டு, ஹூஸ்டனில் சொந்தக்காரரைச் சேர்ந்த நைஜீரியரும் உண்டு. அவர்களுக்கு இட்லி அரிசி எதற்கு? வளர்ச்சி நடக்கும் இடமும் நகர்ந்துகொண்டே இருக்கிறது. 2023-இல் நாட்டிலேயே வேகமாக வளர்ந்த நகரம் செலினா, அடுத்த ஆண்டு டெக்சஸிலேயே இன்னொரு ஊரான பிரின்ஸ்டன். ஐந்தாண்டு வாடகை ஒப்பந்தம் போட்ட கடை அதோடு நகராது. 2025 செப்டம்பரில், வெளிநாட்டில் இருப்பவருக்கான புதிய எச்-1பி விண்ணப்பத்துக்கு 1,00,000 டாலர் கட்டணம் என்ற அறிவிப்பு வந்தது. நம் பக்கத்துத் தெருக்களை நிரப்பியது பெரும்பாலும் அந்த விசாதான் என்பதால், இனி பழைய எண்களை நீட்டிப் போட்டு வருங்காலத்தைக் கணக்கிடவே கூடாது.

மூன்றாவதாக அழைத்த பெண் நான் சொன்னபடி நான்கு ஞாயிறு தமிழ்ப்பள்ளிக்குப் போனாள். ஒரு நோட்டு முழுக்க எழுதிக்கொண்டு போன மாதம் என் வீட்டுக்கு வந்தாள். 73 குடும்பம், பெயருக்கு எதிரே எந்த அரிசி, எந்த எண்ணெய், எந்தக் கிழமை. கடை வாடகைக்கு எடுக்கும் எண்ணத்தை ஓராண்டு தள்ளிவைத்துவிட்டு, முன்பணம் வாங்கி மொத்த வியாபாரியிடமிருந்து மாதம் ஒருமுறை சரக்கு எடுத்துப் பிரித்துக் கொடுக்கப் போகிறாளாம். அந்தத் தம்பி விட்டுப்போன அரிசி மூட்டையைப் பற்றி அவளிடம் சொன்னேன். போன பொங்கலுக்குத்தான் அதைப் பிரித்து, எங்கள் தெருவுக்குப் புதிதாக வந்திருந்த திருநெல்வேலிக் குடும்பத்துக்குப் பாதியைக் கொடுத்தேன். என் தவணை பாதி முடிந்திருக்கிறது. கடைசி ஆயிரம் டாலர் 2026 ஆகஸ்டில்.